மூன்று அவைகளும் ஒரு தடமும்

தலை நரைத்த ஒருத்தி வந்து "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். உங்கள் வயதில் எனக்கும் வந்ததுண்டு. ஆகவே நான் செய்த நல்ல காரியம் எதையும் சொல்லப் போவதில்லை. செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். உறுப்பினர்களின் கூட்டங்களை நடத்திக் கொடுக்கும் இந்த வேலைக்கு நீங்கள் மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். இதில் யாரும் மரத்திலிருந்து விழுவதில்லை, இயந்திரத்தில் கை நசுங்குவதில்லை. உட்கார்ந்து பேசுகிற வேலைதானே என்று தோன்றும். நான் உட்கார்ந்தபடி சொன்ன ஒரு வரிப் பதிலால் ஒரு மனிதர் இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான் ஏற்காட்டுக்காரி. அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மிஷன் பள்ளியில் படித்து, சேலத்தில் தட்டச்சு கற்றுக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் அலுவலகத்தில் சேர்ந்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடிதம் அடிப்பதும் கோப்பு கட்டுவதும்தான் என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில்தான் இந்த அமைப்பு எங்கள் மலைக்கு வந்தது.

காபிச் செடிக்கு நிழல் தருவதற்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களை எங்கள் எஸ்டேட்டுகள் வெட்டி விற்றுக்கொண்டிருந்தன. காட்டையும் ஓடையையும் கெடுக்காமல் எடுத்த மரம்தானா என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்த காலம் அது. ஆம் என்று சான்று கொடுக்க ஒரு உலக அமைப்பு உருவாகியிருந்தது. சான்றுக்கான விதிகளை ஒவ்வொரு மலைப்பகுதியிலும் அங்கங்கே இருக்கும் உறுப்பினர்களே கூடி எழுத வேண்டும். சேர்வராயன் மலைக்கு அப்படி ஒரு குழு அமைத்தார்கள். தலைவராக ரங்கநாதன் என்ற எஸ்டேட் முதலாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்டெல்லாம்மா, இனி நீங்கதான் இதுக்குச் செயலாளர்" என்றார்.

முதல் வாரம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமைப்பின் சட்டதிட்டத்தைப் படித்தேன். எனக்கு எல்லாமே புதிதாக இருந்தது. அதுவரை நான் பார்த்த எந்தச் சங்கத்திலும் ஆளுக்கொரு ஓட்டு, கை அதிகம் தூக்கிய பக்கம் ஜெயிக்கும். இங்கே அப்படி இல்லை. உறுப்பினர்களை மூன்று அவைகளாகப் பிரித்திருந்தார்கள். மரத்தை வளர்த்து விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் தொழில் அவை. இயற்கையைக் காக்க வேலை செய்கிறவர்கள் சூழல் அவை. காட்டையும் தோட்டத்தையும் நம்பி வாழ்கிறவர்கள், அங்கே கூலிக்கு உழைக்கிறவர்கள் சமூக அவை. ஒரு அவையில் நூறு பேர் இருக்கலாம், இன்னொன்றில் இரண்டே பேர் இருக்கலாம். மூன்றுக்கும் எடை ஒன்றுதான். மூன்றிலும் தனித்தனியே பெரும்பான்மை கிடைத்தால்தான் தீர்மானம் நிறைவேறும்.

எங்கள் குழுவின் தொழில் அவையில் பதினோரு உறுப்பினர்கள், சூழல் அவையில் ஏழு. சமூக அவையில் இரண்டே அமைப்புகள்: மலை விவசாயிகள் சங்கம், எஸ்டேட் தொழிலாளர் சங்கம். இரண்டில் ஒன்று மறுத்தாலும் தீர்மானம் படுத்துவிடும். நான் ரங்கநாதனிடம் கேட்டே விட்டேன். "பதினோரு பேருக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே எடையா சார்?"

அவர் சிரித்தார். "எனக்கும் மொதல்ல உறுத்துச்சுங்க. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். தலையை எண்ணி முடிவு பண்றதுன்னா இந்த மலையில எங்க பக்கம் எத்தன தலை இருக்கு? அவங்களுக்குக் காட்டுற சலுகை இல்லீங்க இது. பார்க்கப்போனா எங்களுக்குக் காட்டுறதுதான்."

கெட்டிக்காரத்தனமான பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அதன் பொருள் எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

விதித்தொகுப்பை நிறைவேற்றும் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில், ஒரு விடுமுறை நாளில் நடந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையாளராக வந்திருந்தார். மாலையில் சேலத்தில் அவருக்கு ரயில். விதிகள் ஒன்பது அத்தியாயம், எல்லாம் ஆங்கிலத்தில். ஏழு அத்தியாயங்களைத் தமிழில் எழுதி, படியெடுத்துக் கொடுத்திருந்தேன். கடைசி இரண்டுக்கு நேரம் போதவில்லை. கூட்டத்திலேயே வாயால் சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டேன். அங்கேதான் முதல் பிழை.

கடைசி அத்தியாயம் ஓடைக்கரைகளையும் செங்குத்தான சரிவுகளையும் பற்றியது. அதை எழுதியவர் சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியை. எல்லோருக்கும் அவர் புரபசரம்மா. எங்கள் ஓடைக்கரைகளில் முளைக்கும் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். அந்த இடங்களை 'மூடிய பகுதி' என்று அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய விதி. அந்த அத்தியாயத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. ஜீப் டிரைவர் வாசலில் வந்து நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் அவசர அவசரமாக, "ஓடைக்கரை, சரிவெல்லாம் பாதுகாக்கிற பகுதி" என்று சமூக அவைக்காரர்கள் இரண்டு பேருக்கும் தமிழில் சொன்னேன்.

மலை விவசாயிகள் சங்கத்தின் சார்பில் வந்திருந்தவர் சடையன். வெள்ளக்கடை என்ற கிராமத்தைத் தாண்டி உள்ளே அவர் ஊர். நாற்பது வயது இருக்கும். கொஞ்சம் சாமை, கொஞ்சம் காபி, நாலைந்து ஆரஞ்சு மரம். தமிழ் எழுத்தை விரல் வைத்துப் படிப்பார். நிதானமாகப் படிப்பார், ஆனால் ஒரு சொல்லையும் தாண்ட மாட்டார். அன்றைக்கு விரல் வைக்க அவர் கையில் காகிதம் இல்லை.

"ஏனுங்க அம்மணி, பாதுகாக்கற எடம்னா எப்படீங்க? எங்க சனம் ரோட்டுக்கு வார தடம் அந்த ஓடக்கரையிலதான் போகுதுங்க. நாங்க போலாமுங்களா?"

அந்த ஆங்கில வரியை நான் ஒரே ஒரு முறை படித்திருந்தேன். மறுபடி பார்த்திருக்கலாம். நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த புரபசரம்மாவைக் கேட்டிருக்கலாம். அவர் அந்த அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். நடந்து போகிறவர்களை யார் தடுக்கப் போகிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"போலாம் போலாம், அதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. "ஊர்ல ஒருக்கா கேட்டுப்போட்டு வந்து சொல்லட்டுங்களா?"

"இன்னைக்கு முடிச்சாத்தானுங்க தலைமையகத்துக்கு அனுப்ப முடியும். உட்டா அடுத்த வருசம்தான்."

அவர் பக்கத்தில் இருந்த ரோசம்மாளைப் பார்த்தார். ரோசம்மாள் தொழிலாளர் சங்கத்துக்காரி, எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவள். அவள் என் வார்த்தையை நம்பிக் கையைத் தூக்கினாள். அவரும் தூக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். 'மூன்று அவைகளும் ஒருமனதாக நிறைவேற்றின' என்று கூட்டக் குறிப்பில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசி மழையில் நான் சொன்ன அந்தப் பதில் திரும்பி வந்தது.

சான்றுக்கான ஆய்வு நெருங்கியதால் ரங்கநாதனின் எஸ்டேட் மேனேஜர் விதிப்படி எஸ்டேட்டுக்குள் இருந்த அந்த ஓடைக்கரையைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருக்கிறார். ரங்கநாதன் அப்போது ஊரில் இல்லை. வேலி போட்ட மூன்றாம் நாள் மத்தியானம், சடையனின் தம்பி மனைவிக்கு இடுப்புவலி கண்டது. தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வழியில் வேலி நிற்கிறது. மலையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போவதென்றால் அரை நாள் ஆகும், மழை வேறு. சடையன் கொடுவாளால் கம்பியை அறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

வேலியை அறுத்ததாக மேனேஜர் புகார் கொடுத்தார். புகாரோடு என்னுடைய கூட்டக் குறிப்பின் நகலையும் இணைத்திருந்தார். இந்த ஆளே கை தூக்கிச் சம்மதித்த விதி இது, அதை இவரே மீறியிருக்கிறார் என்பதுதான் புகாரின் சாரம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் ரோசம்மாள். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏம்மா ஸ்டெல்லா, நீ எழுதுன பேப்பர வச்சுத்தான் அந்த மனுசன ரெண்டு நாளா ஸ்டேசன்ல உக்கார வச்சிருக்கறாங்க. தடத்துல போலாம்னு நீதான சொன்ன? எங் காதுல கேட்டேன்."

கோப்பை எடுத்தேன். அந்த வரியை நாலு முறை படித்தேன். 'எவரும், எக்காரணத்துக்காகவும் உள்ளே நுழையக் கூடாது' என்றிருந்தது. இரண்டு அர்த்தம் எடுக்க அதில் இடமே இல்லை. அன்றைக்கு ஒரு நிமிடம் நிதானித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ரோசம்மாளை அனுப்பிவிட்டுத் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். நான் சடையனுக்குச் சொன்ன பதில் அவருக்கும் எனக்கும் ரோசம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் மலைக்காரர், படிப்புக் குறைவு. சரியாகப் புரிந்துகொள்ளாமல் கை தூக்கிவிட்டார் என்று எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். அவர்மேல் இரக்கம்கூடப் படுவார்கள், புகாரும் தள்ளுபடி ஆகிவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லாத வழியாகத் தெரிந்தது. 'விதியின் பொருளை உறுப்பினர் சரிவர விளங்கிக்கொள்ளவில்லை' என்று ஒரு வரியும் அடித்தேன்.

அடித்த வரியைத் திரும்பப் படித்தேன். கூட்டத்திலேயே சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பதினோரு முதலாளிகளும் ஏழு இயற்கை ஆர்வலர்களும் கேட்காத கேள்வி அது. விளங்கிக்கொள்ளாதவள் நான். காகிதத்தை உருவிக் கிழித்துப் போட்டேன். இன்னொரு தாள் சொருகி, 'உறுப்பினர் கேட்ட கேள்விக்குச் செயலாளராகிய நான் தவறான பதில் சொன்னேன். அவர் அவகாசம் கேட்டபோது மறுத்து அவசரப்படுத்தினேன். அந்தப் பதிலை நம்பியே சமூக அவை வாக்களித்தது' என்று அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ரங்கநாதன் வீட்டுக்குப் போனேன். அவர் அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தார். அதைப் படித்து முடித்ததும் எழுந்து குடையை எடுத்தார்.

"அவர் கை தூக்குனாரே, இப்ப இப்படிப் பண்ணிட்டாரேன்னு எனக்குக் கோபம் இருந்தது" என்றார். "வாங்க, மொதல்ல ஸ்டேஷனுக்குப் போவோம்."

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சடையனை வெளியே அழைத்து வந்தோம். அவர் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. ரங்கநாதன் அவரிடம், "மன்னிச்சுக்குங்க சடையன். ஆனா ஒண்ணு, வேலிய என்னால இப்பவே எடுக்க முடியாது. விதி இருக்குது. நானே தலைவரா இருந்துக்கிட்டு விதிய மீறினா, நாளைக்கு ஓடையில மரம் வெட்டுறவன எந்த வாயால கேக்கறது? தடம் போற எடத்துல ஒரு கேட்டு வச்சுப் பூட்டாம உடச் சொல்றேன். இதுவே விதிக்கு வெளியதான். ஆய்வுக்காரங்ககிட்ட நானே சொல்லிக்கறேன். நிரந்தரமா மாத்தோணும்னா உறுப்பினருங்க கூடித்தான் மாத்தோணும்" என்றார்.

அவர் நகர்ந்த பிறகு நான் சடையனிடம், "தப்பு என்னோடதுங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "கை என்னுதுதானுங்க, நாந்தான் தூக்குனேன். ஆனா அந்தக் கை என்னுது மட்டும் இல்லீங்க அம்மணி. ஊரே நம்பி அனுப்பிச்ச கை. இப்ப எங்க சனம், நம்ம தடத்த அங்க போயி எழுதிக் குடுத்துப்போட்டியான்னு கேக்குது. நான் என்னன்னுங்க சொல்றது?"

அன்றைக்கு நான் சட்டென்று ஒரு பதில் சொன்னதால் வந்த வினை அது.

நிறைவேறிய விதியைத் திரும்பவும் கூட்டத்தில் வைக்க அமைப்பின் சட்டத்தில் ஒரு வழி உண்டு. எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டுவரலாம். மற்ற இரண்டு அவைகளிலிருந்தும் தலா ஒருவர் வழிமொழிந்து கையெழுத்திட வேண்டும். உன் அவைக்காரர்கள் மட்டும் கூடிக்கொண்டு வந்தால் போதாது, உனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது இதைப் பேசலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

செயலாளர் எந்தப் பக்கமும் ஆதரவு திரட்டக் கூடாது. குற்ற உணர்ச்சியில் நானே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடத் துடித்தேன். அப்படிச் செய்திருந்தால் முதல் தவறைச் சரிசெய்ய இரண்டாவது தவறு செய்ததாகியிருக்கும். என் தவறை ஒப்புக்கொண்ட கடிதத்தை இருபது உறுப்பினர்களுக்கும் அனுப்பினேன், செயலாளர் பதவியிலிருந்து விலகத் தயார் என்றும் எழுதினேன். அதோடு நின்றுகொண்டேன். தடத்தில் நடக்க விடும் திருத்தத்தைச் சடையனே எழுதிக் கொண்டுவந்தார்.

தொழில் அவையில் ரங்கநாதன் கையெழுத்துப் போடவில்லை. தன் எஸ்டேட் விவகாரத்தில் தானே வழிமொழிவது முறையாகாது என்றார். குப்பனூர் ரோட்டில் சின்னக் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு உறுப்பினர் சடையனுக்குத் தெரிந்தவர். அவர் போட்டார். சூழல் அவையில் மூன்று பேரைச் சடையன் போய்ப் பார்த்தார். மூவருமே, "அது புரபசரம்மா எழுதுனது, அவங்களக் கேக்காம எப்படி?" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

"சேலத்துல அவங்க ஊடு எனக்குத் தெரியாதுங்க. நீங்க கூட வந்து ஊட்டைக் காட்டுங்க, போதும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க" என்றார் சடையன்.

காலை பஸ்ஸில் மலையிறங்கினோம். புரபசரம்மா எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். தூளியில் வந்த பெண்ணைப் பற்றிக் கேட்டார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை விசாரித்தார். ஆனால் விதியைப் பற்றிப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஓடைக்கரையில முன்னாடி எவ்வளவு சந்தன மரம் நின்னதுன்னு உங்களுக்கே தெரியும் சடையன். இப்ப ஒண்ணு இருக்கா? வெட்டினவங்க எந்த வழியாக் கொண்டுபோனாங்க?"

"எங்க தடத்துலதானுங்க போயிருப்பாங்க. ஆனா எங்க ஊர் ஆளு வெட்டலீங்க."

"உங்க ஊர் ஆள்னு நான் சொல்லல. தடம்னு ஒண்ணு இருந்தா அது யார் காலையும் பார்த்து விடாது. உங்க தம்பி பெண்டாட்டிக்காகத் திறந்தா, திருடனுக்கும் திறந்ததுதான். இன்னைக்கு இந்த ஒரு தடம். நாளைக்கு ஒவ்வொரு எஸ்டேட்டுலயும் ஒண்ணு கேப்பாங்க. கடைசியில என்ன மிஞ்சும்?"

நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சடையனுக்கும் அது தெரிந்தது. தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது நொம்ப சரிங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க. எங்க பக்கம் ஓட்டுப் போடுங்கன்னு கேக்க நான் வரலீங்க. இத எல்லாரும் உக்காந்து பேசோணும்னு ஒரு கையெழுத்துதானுங்க கேக்கறேன். போன தடவ பேசாமயே கையத் தூக்கிப்போட்டோம். இந்தத் தடவ பேசிப்போட்டுத் தோத்தாலும் எங்க ஊர்ல போயி நான் சொல்லிக்குவேன்."

புரபசரம்மா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். பேனாவோடு திரும்பி வந்தார்.

"கையெழுத்துப் போடறேன். ஆனா கூட்டத்துல எதிர்த்துப் பேசுவேன், எதிர்த்துத்தான் ஓட்டும் போடுவேன். என் அவையில மத்தவங்களையும் எதிர்த்துப் போடச் சொல்லுவேன். அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேனுங்க" என்றார் சடையன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் காகிதத்தை மழை படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தனக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிறவரின் கையெழுத்துக்காக ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதி அடைந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று அவைகள், சம எடை என்று அகராதி வைத்துப் படித்தேனே, அதன் பொருள் எனக்கு அந்த பஸ்ஸில்தான் விளங்கியது. நான் தோற்பேன் என்று தெரிந்தாலும் நீ பேசுவதற்கு இடம் கொடுக்கிறேன் என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் இல்லாவிட்டால் சட்டதிட்டம் வெறும் காகிதக் கட்டு.

இந்த முறை ஒன்பது அத்தியாயங்களையும் தமிழில் எழுதி, கூட்டத்துக்கு வெகுநாள் முன்பே கொடுத்துவிட்டேன். சடையன் அழைத்ததால் அவர் ஊருக்கும் போனேன். ஊர்க்காரர்கள் கூடியிருக்க, அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர்கள் கேள்வி கேட்டார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். இரண்டு கேள்விகளுக்கு, "தெரியலீங்க, கேட்டு எழுதி அனுப்பறேன்" என்றேன். முதல் தடவை அதைச் சொல்லும்போது நாக்கு கூசியது. யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. "அப்படியே பண்ணுங்க அம்மணி" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். திருத்தத்தில் ஊர்க்காரர்களே ஒரு வரி சேர்த்தார்கள். தடத்தில் நடக்கலாம், நோயாளியைத் தூக்கிப் போகலாம், ஆனால் கோடரியோ கொடுவாளோ கையில் இருக்கக் கூடாது, ஆடு ஓட்டிப் போகவும் கூடாது. புரபசரம்மாவின் பயத்தைச் சடையன் ஊரில் வந்து சொல்லியிருந்தார். அந்த வரி அங்கிருந்து வந்ததுதான்.

கூட்டத்தில் ரங்கநாதன், இது தன் எஸ்டேட்டைத் தொடும் விஷயம் என்று சொல்லித் தலைவர் நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தார். சடையன் பேசினார். பிறகு புரபசரம்மா எதிர்த்துப் பேசினார். அவ்வளவு நன்றாக யாரும் அன்று பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மனம் ஆடியது. தொழில் அவையில் ஏழுக்கு நாலு என்று திருத்தம் தேறியது. சமூக அவையில் இரண்டு கைகளும் உயர்ந்தன. ரோசம்மாள் இந்த முறை அந்த விதியைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தூக்கினாள். சூழல் அவைதான் மிச்சம். மூன்று கைகள் ஆதரவாக, மூன்று எதிராக. ஏழாவது உறுப்பினர், புரபசரம்மாவிடம் படித்தவர், தலையைக் குனிந்தபடி இருந்தார். புரபசரம்மாவே அவரைப் பார்த்து, "உனக்கு எது சரின்னு படுதோ அதப் போடு" என்றார். அவர் ஆதரவாகத் தூக்கினார். நாலுக்கு மூன்று. திருத்தம் நிறைவேறியது.

என் விலகல் கடிதத்தையும் அன்றே விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழில் எழுதி, உறுப்பினர் கையில் கொடுத்து, ஊரில் கேட்டு வர நாள் விடாமல் எந்த விதியையும் ஓட்டுக்கு விடக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். அதை நடைமுறைப்படுத்துகிற பொறுப்பு எனக்கே என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தண்டனையா மன்னிப்பா என்று தெரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்த்து யாருக்கும் பதில் சொன்னதில்லை.

பிள்ளைகளே, உங்களிடமும் கேட்பார்கள். ரயிலுக்கு நேரமாகும், வாசலில் ஜீப் நிற்கும், பெரிய மனிதர்கள் நாற்காலியில் நெளிவார்கள். அந்த நேரத்தில், படிக்காதவர் என்று நீங்கள் நினைக்கிற ஒருவர் எழுந்து ஒரு சின்னக் கேள்வி கேட்பார். ரயில் போகட்டும். 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். நம் அமைப்புக்கு எஜமான் நாமும் இல்லை, தலைமையகமும் இல்லை. கேள்வி கேட்கிற அந்த உறுப்பினர்தான்.

அன்றைய திருத்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, நான் குறிப்பு எழுதி முடித்திருக்கவில்லை. சடையன் மேஜை அருகே வந்தார். அவர் கண் ஹாலின் மறுகோடியில் தனியாகப் பையை எடுத்துக்கொண்டிருந்த புரபசரம்மாவின் மேல் இருந்தது.

"அம்மணி, நிறைவேறிப்போச்சுன்னு மட்டும் எழுதீராதீங்க. அந்தம்மா சொன்னதையும் முழுசா எழுதுங்க. தடம் யார் காலையும் பாத்து உடாதுன்னு சொன்னாங்க பாருங்க, அதையும். நாளைக்கு அந்த ஓடையில ஒரு மரம் போனாலும் இதே எடத்துல நின்னு மொதல்ல நாந்தானுங்க பதில் சொல்லோணும்."

அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அதை எழுதினேன். எழுதியதைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அவர் விரலை வைத்து, ஒரு சொல்லையும் தாண்டாமல், கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.